ஸ்குரூவில் சுற்றிலும் தேய்மானம், பேரலில் ஒரு பக்கம் மட்டும் கீறல்: தப்பு யார் மேல்?

பல்லடம் பக்கம் எச்.டி.பி.ஈ. பிளாஸ்டிக் பைப் போடும் ஒருவர் கேட்டது இது. பிளாஸ்டிக்கை உருக்கித் தள்ளும் 65 மி.மீ. எக்ஸ்ட்ரூடருக்குக் கோவையில் ஒரு பட்டறையில் சொல்லி ஸ்குரூவும், அது உள்ளே சுற்றும் நீளக் குழலான பேரலும் புதுசாகச் செய்து வாங்கியிருக்கிறார். டிராயிங் கிடையாது, பழைய ஸ்குரூவையே சாம்பிளாகக் கொடுத்தார். பாதிப் பணம் அட்வான்ஸ், மீதி பாக்கி. மாட்டிப் பத்து நாளில் உரசும் சத்தம். கழற்றிப் பார்த்தால் பேரலின் நடுப்பகுதியில், கீழ்ப்பக்கம் மட்டும் கீறல். ஸ்குரூவில் அதே இடத்தில் சுற்றிலும் தேய்ந்து பளபளவென்று இருக்கிறது. உற்பத்தியும் எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. செய்து கொடுத்தவரோ, "உங்க அலைன்மென்ட் சரியில்லீங்க, இல்லாட்டி இரும்புத் துண்டு ஏதாச்சும் விழுந்திருக்குமுங்க" என்கிறார். மீதிப் பணத்தை நிறுத்தி வைக்கலாமா, வேறு இடத்தில் ஹோனிங் போட்டு (துளையை உள்ளே கல்லால் தேய்த்துச் சீராக்கி) ஓட்டிக்கொள்ளலாமா, கேஸ் போட்டால் நிற்குமா என்று கேட்கிறார்.

கோவை கணபதியில் உலோகத்தில் ஆழ்துளை போரிங், ஹோனிங் வேலையில் பல வருஷம் இருந்தேன். அப்புறம் ஒரு பைப் கம்பெனியில் மெயின்டனன்ஸ் பார்த்தேன். இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் நின்றவன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் மெஷினை நிறுத்துங்கள். பழைய செட்டை காயலான் கடைக்குப் போடாமல் வைத்திருந்தால் அதையே மாட்டி ஓட்டுங்கள். புது பேரலை வேறு எங்கும் கொண்டுபோய் ஹோனிங் போட வேண்டாம். ஹோனிங் கல் உள்ளே போய்விட்டால் கீறல் போய்விடும், அதோடு உங்கள் சாட்சியும் போய்விடும். "நான் கொடுத்த அளவே இது இல்லீங்களே" என்று அவர் சொன்னால் உங்களால் வாயைத் திறக்க முடியாது.

அடுத்தது, நீங்கள் சொன்ன தடயமே பாதிக் கதையைச் சொல்லிவிடுகிறது. பேரல் நிற்கிறது, ஸ்குரூ சுற்றுகிறது. ஸ்குரூ வளைந்திருந்தால் அதன் புடைத்த பக்கம் மட்டும் எப்போதும் பேரலைத் தொடும். சுற்றிச் சுற்றித் தொடுவதால் பேரலில் வட்டம் முழுக்கத் தேய்மானம் தெரியும், ஸ்குரூவில் ஒரு பக்கம்தான் தெரியும். பேரல் வளைந்திருந்தால் இது தலைகீழ்: பேரலில் ஒரே பக்கம், ஸ்குரூவில் சுற்றிலும். உங்களுடையது இரண்டாவது. ஆகவே சந்தேகம் பேரல் மேல்தான்; ஸ்குரூவை இப்போதைக்கு விட்டுவிடலாம். இரும்புத் துண்டு விழுந்திருந்தால் படம் வேறு மாதிரி இருக்கும். ஓர் இடத்தில் ஆழமாகக் குத்தி, அங்கிருந்து இழுத்துக்கொண்டு போன கீறலாக இருக்கும், ஸ்குரூவின் பிளைட் (சுற்றி ஓடும் மரை) ஓரத்தில் ஒரு சில்லாவது பெயர்ந்திருக்கும், பேரல் வாயிலுள்ள துளைத்தட்டான பிரேக்கர் பிளேட்டுக்கு முன்னாலுள்ள வடிகட்டி மெஷ்ஷில் பொடி சிக்கியிருக்கும். கழற்றிய மெஷ்ஷைத் தூக்கி எறிந்துவிடவில்லையே? அதையும் ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

பேரல் வளைந்திருக்கிறது என்றதும் செய்தவர் தப்பு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். நான் அப்படிக் கட்டி மூக்குடைபட்டவன். பைப் கம்பெனியில் இருந்தபோது இதே மாதிரி கீறல் வந்தது. போனில் அதைச் செய்து கொடுத்த பட்டறைக்காரரை வாய்க்கு வந்தபடி பேசிவிட்டேன். மறுநாள் காலையில் மஞ்சப்பையில், அசைவை முள்ளில் காட்டும் ஒரு டயல் கேஜைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். "ஹீட்டர் போடுங்க தம்பி" என்றார். பேரல் 190 டிகிரிக்கு வந்ததும், முன்பக்க சப்போர்ட் போல்ட்டை ஸ்பேனரில் கால் சுற்று தளர்த்தினார். 'டக்' என்று ஒரு சத்தம், பேரல் முன்னால் நகர்ந்தது, டயல் முள் ஓடியது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. "காப்பி சாப்பிடலாங்களா?" என்று மட்டும் கேட்டார்.

நடந்தது இதுதான். இரும்பு ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு சுமார் 12 மைக்ரான் (ஒரு மில்லியில் ஆயிரத்தில் ஒரு பங்குதான் மைக்ரான்) நீளும். உங்கள் பேரல் 26 எல்/டி, அதாவது நீளம் விட்டத்தைப் போல 26 மடங்கு என்றால் 1,690 மி.மீ. வரும். அறைச் சூட்டிலிருந்து 190-க்குப் போகும்போது 160 டிகிரி ஏற்றம். மூன்று மில்லிக்கு மேல் நீள வேண்டும். பின்னால் கியர்பாக்ஸ் பக்கம் பிளாஞ்ச் போட்டு இறுக்கியிருக்கிறது. முன்னால் சப்போர்ட்டையும் இறுக்கிவிட்டால் அது எங்கே போகும்? வில்லாக வளையும். முன் சப்போர்ட் பேரலைத் தாங்க வேண்டுமே தவிர பிடிக்கக் கூடாது. புது செட் மாட்டுகிற உற்சாகத்தில் ஃபிட்டர் எல்லா போல்ட்டையும் பைப் போட்டு இறுக்குவது நம் ஊரில் தினமும் நடப்பது. இதை முதலில் பாருங்கள். கியர்பாக்ஸ் சென்டருக்கும் பேரல் சென்டருக்கும் அலைன்மென்ட் எடுத்தீர்களா, காலியாக ஓட்டிப் பார்த்தீர்களா என்பதையும் உங்கள் ஆளிடம் தனியாகக் கேளுங்கள். மெட்டீரியல் இல்லாமல் ஓடும் ஸ்குரூ பேரலின் அடியில் படுத்துக்கொண்டுதான் சுற்றும். சூடு முழுக்க ஏறுவதற்கு முன்னால் ஸ்டார்ட் செய்வதும் அதே ரகம். பட்டறைக்காரர் கேட்கப்போகும் முதல் கேள்விகள் இவைதான். பதில் உங்கள் கையில் இருக்கட்டும்.

சரி, அது எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். இப்போது அளக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலான தகராறு ஜெயிப்பதும் தோற்பதும்.

பேரலைக் கழற்றி, ஒட்டிய பிளாஸ்டிக்கை எல்லாம் பித்தளை பிரஷ்ஷால் சுத்தம் செய்து, கேஜையும் பேரலையும் ஒரே நிழலில் ஒரு ராத்திரி வைத்துவிடுங்கள். மத்தியான வெயிலில் கிடந்த பேரலுக்குள் ஏசி ரூமிலிருந்து எடுத்த கேஜை விட்டால் வருவது அளவே இல்லை. 65 மில்லி துளைக்குப் பத்து டிகிரி வித்தியாசமே ஏழெட்டு மைக்ரான் காட்டும். காலையில் துளை விட்டம் அளக்கும் போர் கேஜை, அளவு தெரிந்த ரிங்கில் செட் செய்துகொண்டு, பின்பக்கத்திலிருந்து 100 மி.மீ.க்கு ஓர் இடம் என்று அளந்துகொண்டே போங்கள். ஒவ்வொரு இடத்திலும் இரண்டு அளவு: மேலிருந்து கீழ், இடமிருந்து வலம். எக்ஸ்டென்ஷன் ராடு நீளமாக இருப்பதால் கை ஆடும்; கேஜை மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, முள் திரும்புகிற இடத்தைத்தான் எடுக்க வேண்டும். ஓர் ஆள் அளக்க, ஓர் ஆள் எழுத. எழுதுகிறவர் முந்தைய எண்ணைச் சத்தமாகச் சொல்லக் கூடாது, அளக்கிறவர் கை அதை நோக்கிப் போய்விடும்.

ஸ்குரூவை மைக்ரோமீட்டரில் அளக்கும்போது ஒரு சங்கடம் உண்டு. ஒற்றை பிளைட் ஸ்குரூவில் ஒரு பிளைட்டுக்கு நேர் எதிரே பள்ளம்தான் இருக்கும். அடுத்தடுத்த இரண்டு பிளைட் மேல் ஒரு கிரைண்டிங் போட்ட தட்டைத் துண்டை வைத்து, அதோடு சேர்த்து அளந்து, துண்டின் கனத்தைக் கழித்துவிடுங்கள். ஸ்குரூவுக்கும் பேரலுக்கும் இடைவெளி பக்கத்துக்கு விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது பொதுக் கணக்கு. 65-க்குப் பக்கத்துக்கு 0.065, மொத்தத்தில் 0.13 மி.மீ. பக்கம்.

இந்த அளவில்தான் உங்கள் உற்பத்திக் குறைவுக்கும் விடை கிடைக்கலாம் என்று எனக்குச் சந்தேகம். தேய்ந்துபோன பழைய ஸ்குரூவை சாம்பிளாகக் கொடுத்திருக்கிறீர்கள். அதன் வெளிவிட்டம் 64.5-க்கு இறங்கியிருந்து, "அதே மாதிரி" என்று நீங்கள் சொன்னதை அவர் அப்படியே எடுத்துக்கொண்டிருந்தால், புது ஸ்குரூவே பிறக்கும்போது கிழவனாகப் பிறந்திருக்கும். பிளைட் மேலாகப் பின்னால் கசிகிற பிளாஸ்டிக், கணக்குப்படி இடைவெளியின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும். இடைவெளி இரட்டித்தால் கசிவு எட்டு மடங்கு. ஸ்குரூ பள்ளத்தின் ஆழம், மெட்டீரியல் நுழையும் ஃபீட் பக்கத்திலும் வெளியேறும் மீட்டரிங் பக்கத்திலும், சாம்பிளோடு ஒத்துப்போகிறதா என்றும் பாருங்கள். சாம்பிள் தேய்ந்தது என்று தெரிந்தும் கேட்காமல் செய்தது அவர் பிழை. டிராயிங் கொடுக்காதது உங்கள் பிழை. ஆகவே உற்பத்திக் குறைவையும் கீறலையும் ஒரே மூட்டையாகக் கட்டி அவர் தலையில் போடாதீர்கள். கீறலில் உங்களுக்கு நியாயம் இருக்கலாம். உற்பத்தி விஷயத்தில் பாதிக்குப் பாதி.

வளைவைப் பார்க்க பேரலை இரண்டு வி-பிளாக் (வி வடிவப் பள்ளமுள்ள தாங்குகட்டை) மேல் வைத்துச் சுற்றி, நடுவில் டயல் வைத்துப் பாருங்கள். ஆனால் வெளிப்பக்கம் நேராக இருந்து உள்துளை மட்டும் விலகியிருப்பதும் உண்டு, அதை டயல் சொல்லாது. துளைக்குள் தாராளமாகப் போகும் ஒரு மேன்ட்ரலை, அதாவது நேரான உருளையை, துளையை விட 0.05 மி.மீ. குறைத்து, முடிந்த அளவு நீளமாகக் கடைந்து, உள்ளே தள்ளிப் பாருங்கள்; கீறல் இருக்கும் இடத்தில் அது இறுக்கிப் பிடித்தால் கதை தெளிவு. கண்ணாலும் ஓரளவு பார்க்கலாம். அந்தக் காலத்துத் துப்பாக்கிக் குழல் செய்கிறவர்கள் குழலை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உட்சுவரில் விழும் நிழல்கோடு உடைகிறதா என்று பார்த்தே வளைவைக் கண்டுபிடித்தார்கள். நாம் 'கன் டிரில்லிங்' என்று சொல்கிற வேலையே துப்பாக்கிக் குழல் துளைக்கப் பிறந்ததுதான்; பெயரில் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஹோனிங் போட்ட பளபளப்பு இருந்தால் நம் பேரலிலும் ட்யூப்லைட்டை ஒரு முனையில் வைத்து இதைப் பார்க்கலாம்.

கழற்றி, குளிர்ந்த நிலையில் பேரல் நேராகவே இருந்தால், வளைத்தது உங்கள் சப்போர்ட். குளிர்ந்த நிலையிலும் வளைவு இருந்தால், நீங்கள் கீழே போட்டிருந்தால் தவிர, அது அவர் பக்கத்து விஷயம். பெரும்பாலும் நைட்ரைடிங்கில், அதாவது சூட்டில் நைட்ரஜன் ஏற்றி மேல்தோலைக் கடினமாக்கும்போது, நடந்திருக்கும். முழு உருளையைத் துளைத்துக் கடையும்போது உலோகத்துக்குள் ஒரு இறுக்கம் தங்கிவிடும். ரஃப் மெஷினிங் முடிந்ததும் ஒருமுறை சூடேற்றி மெல்ல ஆற வைத்து ஸ்ட்ரெஸ் ரிலீவ் செய்து, அதன் பிறகு ஃபினிஷ் போட்டால் அது அடங்கிவிடும். அவசரத்தில் இதை விட்டுவிட்டால், நைட்ரைடிங் ஃபர்னஸில் 500 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் கிடக்கும்போது அந்த இறுக்கம் அவிழ்ந்து பேரல் முறுக்கிக்கொள்ளும். இவ்வளவு நீளமான பொருளைத் தொங்கவிட்டுத்தான் சூடேற்ற வேண்டும். இடமில்லை என்று படுக்கப்போட்டாலும் தன் கனத்திலேயே தொய்யும். அப்புறம் வளைவை ஹோனிங்கால் எடுக்கப் பார்ப்பார்கள். ஹோனிங் கல் துளையின் போக்கிலேயே போகுமே தவிர அதை நேராக்காது.

கடினத்தையும் பார்த்துவிடுங்கள். ஈஎன்-41பி என்ற ஸ்டீலில் செய்து நைட்ரைடிங் போட்டால் மேல்தோல் விக்கர்ஸ் என்ற கடின அளவில் 900-ஐத் தாண்டும். அந்தத் தோலின் கனம் அரை மில்லி அளவுதான். அந்தக் கடினத்துக்குக் காரணம் அந்த ஸ்டீலில் சேர்த்திருக்கும் ஒரு சதவீதம் போல அலுமினியம். விலை குறைவு என்று ஈஎன்-19-ல் செய்துவிட்டால், நைட்ரைடிங் என்னவோ ஏறும், ஆனால் 600 சுற்றுவட்டத்தோடு நின்றுவிடும். நைட்ரைடிங்குக்குப் பிறகு கடையாத ஒரு முனையில் நல்ல அரத்தை வைத்து ஒரு இழுப்பு இழுங்கள். சறுக்கிக்கொண்டு போனால் தோல் இருக்கிறது, கடித்தால் இல்லை. தட்டிப் பார்க்கும் போர்ட்டபிள் டெஸ்டரை இதில் நம்ப வேண்டாம், மெல்லிய தோலில் அது குறைத்துக் காட்டும். சந்தேகம் வலுத்தால் ஒரு சிறு துண்டு எடுத்து, என்.ஏ.பி.எல். (ஆய்வகங்களுக்கான தேசிய அங்கீகார வாரியம்) அங்கீகாரம் உள்ள ஆய்வகத்தில், ஸ்டீலில் என்னென்ன கலந்திருக்கிறது என்று காட்டும் ஸ்பெக்ட்ரோ பார்க்கச் சொல்லுங்கள்; அலுமினியம் இல்லை என்று வந்தால் அதற்கு மேல் பேச்சே வேண்டாம்.

இப்போது பேச்சு. வாட்ஸப்பில் போட்டோ போட்டு "இதுதான் உங்க லட்சணமா" என்று எழுதுவது, தொழில் குரூப்பில் பகிர்வது, இரண்டையும் செய்யாதீர்கள். அளவுத் தாளை எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். போய், "அண்ணா, நான் அளந்தது இது. உங்க கேஜ்ல நீங்களும் ஒருக்கா அளந்து பாருங்க, ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுக்கலாம்" என்று சொல்லுங்கள். சொந்த மெஷினில் சொந்தக் கேஜில் சொந்தக் கையால் 0.2 மி.மீ. வளைவு வந்ததைப் பார்த்த ஆள் அதற்கு மேல் இரும்புத் துண்டு கதை சொல்ல மாட்டார். நான் பார்த்தவரையில் கோவைப் பட்டறைக்காரர்களுக்குக் கோபம் வருவது பழி வரும்போதுதான். அளவு வரும்போது வெட்கம்தான் வரும். அந்த வெட்கத்துக்கு ஒரு இடம் விட்டுப் பேச வேண்டும்.

இன்னொன்று, அவர் எல்லா வேலையையும் தன் பட்டறையிலேயே செய்திருக்க மாட்டார். ஸ்டீல் ஒரு இடம், ஆழ்துளை ஒரு இடம், நைட்ரைடிங் வேறொரு இடம், ஹோனிங் இன்னொரு இடம் என்று ஜாப் ஒர்க்காகப் போய் வந்திருக்கும். உங்களுக்கு மாற்றிக் கொடுத்தால் அவர் கையிலிருந்துதான் போகும், அவருடைய ஜாப் ஒர்க்காரரிடம் வாங்க ஆதாரம் வேண்டும். உங்கள் அளவுத் தாளும் ஸ்பெக்ட்ரோ ரிப்போர்ட்டும் அவருக்கும் உதவும் என்பதை நீங்களே சொல்லுங்கள். பேச்சு அங்கேயே பாதி இளகிவிடும்.

என்ன கேட்பது? பேரல் மட்டும் புதுசு. ஸ்குரூவின் தேய்மானம் சின்னதாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். "பிரஸ்ஸில் வைத்து நிமிர்த்திக் கொடுத்துடறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நைட்ரைடிங் ஆன தோல் கண்ணாடி மாதிரி, நிமிர்த்தும்போது வெடிப்பு விழும். "பெரிசாக ஹோனிங் போட்டு, ஸ்குரூ பிளைட்டில் ஸ்டெல்லைட் ஏற்றி ஓவர்சைஸ் பண்ணிடலாம்" என்பார். ஸ்டெல்லைட் என்பது ஒரு கடினமான உலோகக் கலவை. இது செய்யக்கூடிய வேலைதான், ஆனால் அரை மில்லி தோலில் பக்கத்துக்கு 0.15 எடுத்துவிட்டால் மிச்சமிருப்பது மென்மையான பகுதி. திரும்ப நைட்ரைடிங் போட வேண்டும், அதில் திரும்ப வளையலாம். விலையைக் கணிசமாகக் குறைத்தால் மட்டும் யோசியுங்கள். ஒரு வாரம் பைப் போடாத நஷ்டத்தைக் கேட்காதீர்கள். கேட்க நியாயம் இருக்கலாம், கிடைக்காது. கேட்ட நிமிஷமே அவர் பேரலையும் தர மறுத்துவிடுவார். வண்டி வாடகை, கழற்றி மாட்டும் கூலி இரண்டையும் பேசி வாங்கலாம்.

மீதிப் பணத்தை நிறுத்தலாம், ஆனால் சும்மா நிறுத்தக் கூடாது. அவர் மத்திய அரசின் உத்யம் தளத்தில் பதிவு செய்த குறு அல்லது சிறு நிறுவனமாக இருந்தால் 2006-ம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. (குறு, சிறு, நடுத்தரத் தொழில்) சட்டம் அவர் பக்கம் பேசும். டெலிவரி ஆன 15 நாளுக்குள் நீங்கள் எழுத்தில் ஆட்சேபம் தெரிவிக்காவிட்டால், டெலிவரி ஆன அன்றே பொருளை ஏற்றுக்கொண்டதாகக் கணக்கு. ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருந்தாலும் அதிலிருந்து 45 நாளுக்கு மேல் பணத்தை நிறுத்த முடியாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வட்டியைப் போல மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டுவட்டி. ஆகவே 15 நாள் தாண்டவில்லை என்றால் இன்றே நாலு வரி எழுதி மெயிலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்புங்கள்: எந்தத் தேதி பொருள் வந்தது, என்ன குறை, அளவு என்ன, தீரும்வரை மீதி நிற்கும். திட்டு வேண்டாம். நேரில் போகும்போது இந்தக் கடிதத்தைப் பற்றி நீங்களே சொல்லிவிடுங்கள், "கணக்குக்காக அனுப்பினதுங்க" என்று. அவரும் அதைப் புரிந்துகொள்வார்.

கேஸ் என்று போனால் நுகர்வோர் நீதிமன்றம் உங்களுக்குப் பெரும்பாலும் ஒத்துவராது. 2019 சட்டப்படி வணிக நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆக மாட்டார். சொந்த உழைப்பில் பிழைப்புக்காக நடத்துகிறவருக்கு மட்டும் விலக்கு உண்டு. 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம்தான் உங்களுக்கு. அதிலும், பொருள் வேண்டாம் என்று நியாயமான காலத்துக்குள் சொல்லாமல் வைத்துக்கொண்டால் ஏற்றதாகவே ஆகும். அதற்குப் பிறகு விலைக் குறைப்போ நஷ்ட ஈடோ கேட்கலாமே தவிர, திருப்பிக் கொடுக்க வழி அடைபட்டுவிடும். சிவில் வழக்கு எத்தனை வருஷம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பேருக்கும் தெரிந்த ஒரு தொழில்காரரை நடுவில் உட்கார வைத்தால் ஒரு டீயில் முடியும்.

அவர் புது பேரலுக்கு ஒத்துக்கொண்டால் இந்த முறை அரைப் பக்கமாவது எழுதிக் கொடுங்கள். ஸ்டீல் ஈஎன்-41பி, துளை அளவும் டாலரன்ஸும், நேர்த்தன்மை எவ்வளவு, கடினம், தோல் கனம், நடுவில் ஸ்ட்ரெஸ் ரிலீவ். அதே ஸ்டீலில் ஒரு சிறு துண்டு பேரலோடு சேர்ந்து ஃபர்னஸுக்குப் போய் உங்களிடம் வர வேண்டும். அதை வெட்டிப் பார்த்தால் பேரலை வெட்டாமலே எல்லாம் தெரிந்துவிடும். நைட்ரைடிங்குக்கு முன்னால் ஒரு முறை, பிறகு ஒரு முறை நீங்களே போய் அளந்துவிட்டு வாருங்கள். பல்லடத்திலிருந்து ஒரு மணி நேரம்தானே.

இப்போதைய பேரலைக் கோவைக்கு அனுப்பும்போது டெலிவரி சலானில் 'ஆய்வுக்கு' என்று எழுதி, அளவுத் தாளின் நகலையும் இணைத்துவிடுங்கள். நூறு கிலோவுக்கு மேல் இருக்கும் பொருள். டாடா ஏஸில் ஏற்றும்போது பின்னால் பாதி வெளியே தொங்கவிட்டுக் கயிற்றில் கட்டாமல், இரண்டு இடத்தில் மரக்கட்டை கொடுத்துப் படுக்க வையுங்கள், ஏற்றியதும் ஒரு போட்டோ எடுத்து அவருக்கே அனுப்பிவிடுங்கள். இல்லாவிட்டால் வளைவு சூலூர் ஸ்பீடு பிரேக்கரில் வந்தது என்று இன்னொரு பேச்சு ஆரம்பிக்கும்.